எந்தக் கிணறு என்று சொல்லிவிட்டுத் தோண்டுங்கள்

நொய்டாவில் உள்ள ஹைட்ரோகார்பன் தலைமை இயக்குநரகத்தின் தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். மன்னார்குடிக்குத் தெற்கே பாமணியாற்றுப் பாசனத்தில் நெல் போடும் குடும்பம் எங்களுடையது. உங்களுக்கு எங்களைத் தெரிந்திருக்க நியாயமில்லை, ஆனால் எங்கள் ஊர்கள் இருக்கும் இடம் நன்றாகவே தெரியும், ஏனென்றால் 2010-லிருந்து உங்கள் வரைபடத்தில் இந்தப் பக்கம் ஏறுவதும் இறங்குவதுமாகவே இருக்கிறது. முதலில் நிலக்கரிப் படுகை மீத்தேன் என்று 691 சதுர கிலோமீட்டர். அது போனதும் 2017-ல் நெடுவாசலும் காரைக்காலும். 2018-ல் காவிரிப் படுகையில் மூன்று வட்டாரங்கள், வேதாந்தாவுக்கு இரண்டு, ஓஎன்ஜிசிக்கு ஒன்று. 2021-ல் வடதெரு. 2023-ல் நிலக்கரி ஏலப் பட்டியலில் வடசேரி (அது உங்கள் துறை இல்லை, நிலக்கரி அமைச்சகம், தெரியும், வரப்பில் நிற்பவனுக்கு டெல்லியிலிருந்து வரும் கோடெல்லாம் ஒரே கோடுதான்). 2025-ல் ராமநாதபுரம் பக்கம் 20 சோதனைக் கிணறுகள். ஒவ்வொரு தடவையும் ஒரே கதை: செய்தித்தாளைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரியவரும், ஊர் திரளும், கோட்டையிலிருந்து ஒரு கடிதம் போகும், கொஞ்ச நாள் பேச்சு அடங்கும், பிறகு வேறு பெயரில் வேறு பக்கத்தில் கிளம்பும்.

இத்தனை வருஷத்தில் ஒரு கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொன்னதில்லை. தோண்டப் போவது எந்த மாதிரிக் கிணறு? வழக்கமான எண்ணெய்க் கிணறா, தண்ணீரை இறைத்து மீத்தேன் எடுக்கும் கிணறா, பாறையை உடைத்து வாயு எடுக்கும் ஷேல் கிணறா? இந்த மடல் அதைப் பற்றித்தான்.

எரிவாயுவே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. நாங்கள் வயலில் வீசும் யூரியாவே எரிவாயுவில் இருந்து வருவதுதான். கோவில்களப்பாளிலும் குத்தாலத்திலும் வழுதூரிலும் இருக்கும் மின்நிலையங்கள் இந்தக் காவிரிப் படுகை வாயுவை எரித்துத்தான் மின்சாரம் எடுக்கின்றன. நரிமணத்திலும் அடியக்கமங்கலத்திலும் கமலாபுரத்திலும் எண்ணெய்க் கிணறுகள் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன, சுற்றி நெல்லும் விளைகிறது. நாடு தனக்குத் தேவையான எரிவாயுவில் ஏறக்குறையப் பாதியைக் கப்பலில் வாங்குகிறது; 2022-ல் உக்ரைன் போர் வந்தபோது உலகச் சந்தையில் அதன் விலை எங்கே போய் நின்றது என்று உங்களுக்குத் தெரியும், உர மானியத்தில் அது எப்படி விழுந்தது என்று எங்களுக்கும் ஓரளவு தெரியும். மண்ணுக்கடியில் இருப்பதை எடுத்தால் நல்லதுதானே என்று நினைப்பதில் தப்பில்லை.

அமெரிக்காவைக் காட்டுவீர்கள், அதுவும் சரி. 2000-களின் தொடக்கத்தில் எரிவாயு இறக்குமதி செய்யத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்த நாடு அது. டெக்சாஸின் பார்னெட் பாறையில் பல வருஷம் முட்டி மோதி, கிடைமட்டமாகத் துளையிடுவதையும் அழுத்தத்தில் தண்ணீர் செலுத்திப் பாறையை உடைப்பதையும் சேர்த்துப் போட்ட பிறகு எல்லாம் தலைகீழாக மாறியது. 2023-ல் உலகத்திலேயே அதிகமாக திரவ எரிவாயு ஏற்றுமதி செய்த நாடு அமெரிக்காதான். அங்கே நிலக்கரி மின்நிலையங்கள் பல மூடப்பட்டதற்கும் மலிவான ஷேல் வாயு ஒரு பெரிய காரணம். அதே மின்சாரத்துக்கு வாயுவை எரித்தால் நிலக்கரியைவிடக் கரியமில வாயு ஏறக்குறையப் பாதிதான் வரும். இதையெல்லாம் மறைத்துவிட்டுப் பேசினால் நான் சொல்லும் மற்றதையும் நீங்கள் நம்பத் தேவையில்லை.

சரி, இப்போது எங்கள் ஊர்க் கணக்குக்கு வருவோம்.

அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் 2013-ல் வெளியிட்ட மதிப்பீட்டில், காவிரிப் படுகையின் ஆண்டிமடம், சத்தப்பாடி பாறைகளில் தொழில்நுட்ப ரீதியாக எடுக்க முடிந்த ஷேல் வாயு சுமார் 5 டிரில்லியன் கன அடி. கேட்கும்போது பெரிய எண்ணாகத் தெரியும். இந்தியா ஒரு வருஷத்துக்குச் செலவழிக்கும் எரிவாயு இன்றைய நிலையில் சுமார் இரண்டரை டிரில்லியன் கன அடி. அதாவது, சொன்னதெல்லாம் அப்படியே கிடைத்தாலும் நாட்டுக்கு இரண்டு வருஷத்துச் செலவு. மன்னார்குடி மீத்தேனுக்கு அப்போது சொல்லப்பட்ட வளம் ஒரு டிரில்லியன் கன அடிக்கும் சற்றுக் குறைவு. அதில் கடைசிச் சொட்டு வரை எடுத்திருந்தாலும் ஐந்து மாதத்துக்குக் கூட வராது. நாட்டு நலனுக்காகக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள் என்று எங்களிடம் சொல்கிறவர்கள் இந்த வகுத்தல் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம்.

அதுவும் அந்த 5 என்பது மதிப்பீடு. போலந்துக்கு 2011-ல் அதே நிர்வாகம் 187 டிரில்லியன் கன அடி என்றது, ஐரோப்பாவே ஆடிப்போனது, ரஷ்யாவிடம் கையேந்த வேண்டாம் என்று அங்கே பேச்செல்லாம் நடந்தது. மறு வருஷமே போலந்தின் சொந்த நிலவியல் நிறுவனம் அதில் மிகச் சிறிய பங்குதான் தேறும் என்றது. எக்ஸான்மொபில் 2012-ல் கிளம்பியது, செவ்ரான் 2015-ல் கிளம்பியது. இந்தியாவிலும் ஓஎன்ஜிசி 2011-ல் துர்காபூர் பக்கம் இச்சாபூரில் முதல் ஷேல் வாயுவைக் கண்டதாக அறிவித்தது, 2013-ல் அதற்கென்று தனிக் கொள்கையே வந்தது. இன்றுவரை வணிக ரீதியாகச் சொல்லிக்கொள்ளும்படி ஷேல் உற்பத்தி எதுவும் நடக்கவில்லை. நிலக்கரிப் படுகை மீத்தேன் மட்டும் ராணிகஞ்ச், சோஹாக்பூர் பக்கம் நடக்கிறது. அவை நிலக்கரி பூமிகள், கடைமடை நெல் பூமி இல்லை.

இன்னொன்று. ஷேல் கிணற்றில் முதல் வருஷம் வேகமாக வரும் வாயு அடுத்த ஓரிரு வருஷத்தில் பாதிக்கும் கீழே விழுந்துவிடும். உற்பத்தி குறையாமல் இருக்க வேண்டும் என்றால் பக்கத்தில் பக்கத்தில் தோண்டிக்கொண்டே போக வேண்டும், ஒவ்வொன்றுக்கும் மேடை, சாலை, குழாய், கழிவுநீர்த் தொட்டி. வடக்கு டகோட்டாவில் கூப்பிடு தூரத்தில் ஆள் இல்லாத நிலத்தில் அதைச் செய்யலாம். இங்கே ஒரு கிராமத்துக்கும் அடுத்த கிராமத்துக்கும் நடுவில் இருப்பது நாலு வயல், ஒரு வாய்க்கால், ஒரு சுடுகாடு.

இனி அந்தக் கிணறு விஷயம். வழக்கமான கிணறு என்பது, வாயு தானாகவே ஓர் இடத்தில் தேங்கியிருக்க, அங்கே துளை போட்டு அதன் அழுத்தத்திலேயே மேலே கொண்டுவருவது. நிலக்கரிப் படுகை மீத்தேன் வேறு: நிலக்கரியில் ஒட்டிக்கொண்டிருக்கும் வாயுவை மேலே நிற்கும் தண்ணீரின் அழுத்தம் பிடித்து வைத்திருக்கிறது, மாதக்கணக்கில் அந்தத் தண்ணீரை இறைத்து வெளியே விட்டால், சோடா பாட்டிலைத் திறந்தது போல வாயு பிரிந்து வரும். ஷேல் இன்னொன்று: பாறை இறுகிக் கிடக்கும், ஒரு கிணற்றுக்கு ஒரு கோடி, இரண்டு கோடி லிட்டர் தண்ணீரில் மணலும் கொஞ்சம் ரசாயனமும் கலந்து பெரிய அழுத்தத்தில் உள்ளே தள்ளி, பாறையில் மயிரிழை விரிசல்களை உண்டாக்கி எடுப்பது. மூன்றிலும் மேலே வருவது அதே மீத்தேன்தான். கீழே நடப்பதும், மேலே எங்களுக்கு நடப்பதும் வேறு வேறு. ஒன்றில் எங்கள் பயம் கசிவும் தீயும், அடுத்ததில் நிலத்தடி நீர் போய்விடுவது, மூன்றாவதில் தண்ணீர் தேவை, கழிவுநீர், விரிசல்.

2016-ல் வந்த உங்கள் ஹெல்ப் கொள்கை (எண்ணெய், எரிவாயு தேடுவதற்கு உரிமம் கொடுக்கும் கொள்கை) என்ன செய்தது? இவை எல்லாவற்றுக்கும் ஒரே உரிமம் போதும் என்றது. கண்டுபிடித்து விட்டுவைத்த சிறு எண்ணெய், எரிவாயு வயல்களுக்கான ஏலத்திலும் அதே ஏற்பாடுதான். முதலீட்டாளர்களுக்கு அது வசதி, நான் மறுக்கவில்லை. நெடுவாசலில் நடந்ததைப் பாருங்கள். 2017 பிப்ரவரி 15-ம் தேதி அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த 31 இடங்களில் அது ஒன்று, மறுநாளே ஊர் போராட்டத்தில் உட்கார்ந்தது. அது மீத்தேன் திட்டம் இல்லை, ஓஎன்ஜிசி முன்பே கண்டுபிடித்து விட்டுவைத்த சிறிய வழக்கமான வயல்தான் என்று உங்கள் தரப்பு திரும்பத் திரும்பச் சொன்னது. அது பொய் இல்லை. ஆனால் அங்கே ஆழ்துளைக் கிணற்றை நம்பிப் பூவும் வாழையும் பலாவும் வைத்திருப்பவர், ‘சரிங்க, நாளைக்கு இதே உரிமத்தில் ஷேல் தோண்ட மாட்டீர்கள் என்று எழுதிக் கொடுங்கள்’ என்று கேட்டால் எழுதிக் கொடுக்க யாராலும் முடியாது, ஏனென்றால் உரிமம் அதற்கும் சேர்த்துத்தான். அவர் மீத்தேன் என்று பெயர் வைத்ததை அறியாமை என்று தொலைக்காட்சி விவாதங்களில் சிரித்தார்கள். அந்தக் குழப்பத்துக்குக் காரணம் உங்கள் ஒப்பந்தத்தின் வாசகம்.

அது போதாது என்று 2020 ஜனவரி 16-ல் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அறிவிக்கை போட்டு, ஆய்வுக் கிணறுகளை பி2 பிரிவுக்கு இறக்கியது. அதாவது சோதனைக்காகத் தோண்டும் கிணற்றுக்கு முழுச் சுற்றுச்சூழல் ஆய்வறிக்கையும் வேண்டாம், ஊரில் கருத்துக்கேட்புக் கூட்டமும் வேண்டாம். ராமநாதபுரத்துக் கிணறுகளுக்கு 2025 மார்ச்சில் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் கொடுத்த அனுமதி ஆகஸ்டில்தான் ஊருக்குத் தெரிந்து பெரிய சத்தம் ஆனது இதனால்தான். சோதனைதானே, உற்பத்திக்கு வரும்போது கேட்கிறோம் என்பீர்கள். பல கோடி செலவழித்துத் தோண்டி வாயு இருக்கிறது என்று தெரிந்த பிறகு எங்களிடம் கேட்பது கேட்பதற்காகவா?

2025-ல் எண்ணெய் வயல் சட்டத்தையும் திருத்தினீர்கள். கனிம எண்ணெய் என்ற சொல்லுக்குள் நிலக்கரிப் படுகை மீத்தேனும் ஷேலும் இப்போது சட்டப்படியே வந்துவிட்டன, எல்லாவற்றுக்கும் பெட்ரோலியக் குத்தகை. மீறினால் முன்பு ஆறு மாதச் சிறை அல்லது 1,000 ரூபாய் அபராதம் என்று இருந்தது (1948-ல் போட்ட தொகை, ஒரு மூட்டை நெல் விலை கூட இல்லை). இப்போது சிறை போய், 25 லட்சம் வரை அபராதம், தொடர்ந்து மீறினால் நாளுக்கு 10 லட்சம் வரை. அபராதத்தைக் கூட்டியதற்கு நன்றி. ஷேல் கிணற்றையும் சாதாரணக் கிணற்றையும் பிரித்துப் பார்க்கும் ஒரு வரியையும் அந்தத் திருத்தத்திலேயே சேர்த்திருக்கலாம், சேர்க்கவில்லை.

தண்ணீர் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் பயத்தின் வேர் அங்கேதான். பூமிக்கடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இறைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள நாங்கள் வெளிநாடு போக வேண்டாம், நெய்வேலி பக்கத்திலேயே இருக்கிறது. பழுப்பு நிலக்கரிக்குக் கீழே இருக்கும் ஊற்று நீர் சுரங்கத்தைத் தூக்கிவிடாமல் இருக்க அங்கே பல பத்தாண்டுகளாக இரவும் பகலும் இறைக்கிறார்கள். ஒரு காலத்தில் தானாகப் பொங்கி வழிந்த கிணறுகள் இருந்த அந்தச் சுற்றுவட்டாரத்தில் விவசாயிகள் இன்று எத்தனை அடியில் மோட்டார் இறக்குகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். மன்னார்குடியில் மீத்தேன் இருப்பதும் அதே பழுப்பு நிலக்கரிக் குடும்பத்தில்தான். எங்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு: கிழக்கே போகப் போக நல்ல தண்ணீருக்குப் பக்கத்திலேயே உப்புத் தண்ணீர் காத்திருக்கிறது, நல்ல தண்ணீர் இறங்கினால் அந்த இடத்துக்கு அது வந்துவிடும், வந்ததைத் திருப்பி அனுப்ப முடியாது.

சரி, இறைத்த உப்புத் தண்ணீரை எங்கே விடுவது? ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் சூரத் படுகையில் ஆயிரக்கணக்கான மீத்தேன் கிணறுகள் இருக்கின்றன, அங்கே சுத்திகரித்துப் பாசனத்துக்குக் கொடுக்கிறார்கள், மிஞ்சும் உப்பை என்ன செய்வது என்ற பிரச்சினை இன்னும் தலைவலிதான். ஆனால் அங்கே ஒரு காரியம் உருப்படியாகச் செய்தார்கள். நிறுவனங்களையும் விவசாயிகளையும் சாராத ஓர் அரசு அலுவலகம் நிலத்தடி நீரை அளக்கிறது, எந்த விவசாயியின் ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் எத்தனை மீட்டர் இறங்கும் என்று முன்கூட்டியே கணித்து வெளியிடுகிறது, இறங்கினால் நிறுவனம் ஈடு செய்ய வேண்டும் என்று தண்ணீர்ச் சட்டத்திலேயே இருக்கிறது. இங்கே எங்கள் வட்டாரத்தில் எந்தக் கிணறு தோண்டும் முன்பும் ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீர் மட்டம், உப்பு, மீத்தேன் அளவு எடுத்து ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டியதை நான் பார்த்ததில்லை. முன்னால் அளக்காமல் பின்னால் கெட்டுப்போய்விட்டது என்றால் ‘ஏற்கெனவே அப்படித்தான் இருந்தது’ என்று சொல்லிவிடலாம், யாராலும் மறுக்க முடியாது.

அந்த சூரத் படுகையிலேயே, காண்டமைன் ஆற்றுச் சமவெளியில், இப்போது பெரிதாகப் பேசப்படுவது நிலம் அமிழ்வது. நீரும் வாயுவும் போன நிலக்கரி அடுக்கு இறுகிச் சுருங்க, மேலே நிலம் சென்டிமீட்டர் கணக்கில் இறங்குகிறது. சென்டிமீட்டர்தானே என்று நகரத்தில் இருப்பவர்கள் நினைக்கலாம். அங்கே லேசர் வைத்துச் சமன்படுத்திய வயல்களில் தண்ணீர் ஓடும் திசையே மாறுகிறது என்று விவசாயிகள் மல்லுக்கு நின்று, 2024-ல் அதற்கென்றே சட்ட ஏற்பாடு வந்தது. நெதர்லாந்தின் குரோனிங்கன் வழக்கமான வாயு வயல்தான், ஷேல் இல்லை. அங்கேயும் நடுப்பகுதி 30 சென்டிமீட்டருக்கு மேல் அமிழ்ந்து, நிலநடுக்கங்களில் வீடுகள் விரிசல் விட்டு, கடைசியில் 2023 அக்டோபரில் உற்பத்தியை நிறுத்தினார்கள்.

இப்போது எங்கள் கடைமடைக்கு வாருங்கள், ஐப்பசி கடைசியிலோ கார்த்திகையிலோ வந்தால் இன்னும் நல்லது. இங்கே தண்ணீரை எந்த மோட்டாரும் தள்ளிவிடுவதில்லை, மேட்டூரில் திறந்தது கல்லணை தாண்டி, வெண்ணாறு, பாமணியாறு, கோரையாறு என்று பிரிந்து, ஏ வாய்க்கால், பி வாய்க்கால் என்று சிறுத்து, கண்ணுக்கே தெரியாத ஒரு சரிவை நம்பித்தான் எங்கள் மடைக்கு வந்து சேருகிறது. நடவுக்கு முன் பரம்படிக்கும்போது ஒரு மூலையில் நாலு விரல் பள்ளம் நின்றால் அங்கே நாற்று அழுகும், நாலு விரல் மேடு நின்றால் அங்கே களை மண்டும், அதனால் பரம்புப் பலகையில் ஆளை ஏற்றி, திரும்பத் திரும்ப இழுத்துச் சமன் செய்வோம். அது ஒரு வயலுக்கு. அடைமழை பெய்து சம்பா முழுகும்போது கதையே வடிகாலில் இருக்கிறது: தண்ணீர் மூன்று நாளில் வடிந்தால் பயிர் தலைதூக்கும், ஒரு வாரம் நின்றால் அழுகிய நாற்றம் ரோடு வரை வரும். முத்துப்பேட்டைப் பக்கம் கடல் ஏற்றத்தில் இருந்தால் வடிகால் ஆற்றுத் தண்ணீர் வெளியேறாமல் திரும்பி நிற்கும், அப்போது வடிகால் வாயில் நின்று கம்பால் ஆழம் பார்த்து அரை அடி இறங்கிவிட்டதா என்று பேசிக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கலாம். இந்த நிலம் சில கிலோமீட்டர் அகலத்துக்குப் பத்து சென்டிமீட்டர் அமிழ்ந்தால் எந்தப் பக்கம் தண்ணீர் ஏறும், எந்தப் பக்கம் கடல் வரும் என்று உங்களிடம் ஒரு வரைபடம் இருக்கிறதா? இருந்தால் காட்டுங்கள். ஏல வரைபடம் பல பார்த்தாயிற்று.

பாறை உடைப்பு பற்றி நிறைய எழுதிவிட்டார்கள், நான் சுருக்கமாக முடிக்கிறேன். இரண்டு கிலோமீட்டர் ஆழத்து விரிசல் அப்படியே ஏறி வந்து ஊர்க் கிணற்றைத் தொடும் என்பது பொதுவாக நடப்பதில்லை. தவறுவது பெரும்பாலும் மேலேதான்: கிணற்றைச் சுற்றிப் போடும் இரும்புக் குழாயும் சிமென்ட் உறையும் சரியில்லாமல் போவது, கழிவுநீர் சிந்துவது, தண்ணீர் இல்லாத இடத்தில் தண்ணீரை உறிஞ்சுவது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2016-ல் கொடுத்த இறுதி அறிக்கையும் சில சூழ்நிலைகளில் குடிநீர் பாதிக்கப்படுகிறது என்று இவற்றைத்தான் சொல்லியது. பென்சில்வேனியாவின் டைமாக் என்ற சின்ன ஊரில் கிணற்றுத் தண்ணீரில் மீத்தேன் வந்த வழக்கு பத்து வருஷத்துக்கு மேல் இழுத்து, 2022 நவம்பரில் அங்கே வாயு எடுத்த நிறுவனம் குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடாமல், ஊருக்குக் குடிநீர்க் குழாய் போட சுமார் 1.6 கோடி டாலர் கொடுக்கச் சம்மதித்தது. ஓக்லஹோமாவில் கழிவுநீரை ஆழத்தில் செலுத்தியதால் நிலநடுக்கங்கள் பெருகி, 2016 செப்டம்பர் 3-ல் பாவ்னி அருகே 5.8 அளவுக்கு வந்தது. பிரிட்டனில் லங்காஷையரில் ஒரே கிணறு 2019-ல் 2.9 நடுக்கம் கொடுத்ததும் அரசு அந்த வருஷமே இங்கிலாந்தில் பாறை உடைப்பை நிறுத்திவைத்தது. டைமாக் போல ஒரு வழக்கு இங்கே வந்தால் பத்து வருஷத்தில் முடியுமா என்று நீங்களே யோசியுங்கள்.

நிலக்கரியைவிட நல்லது என்ற வாதத்துக்கும் ஓர் அடிக்குறிப்பு இருக்கிறது. மீத்தேன் எரியாமல் கசிந்தால் 20 வருஷக் கணக்கில் கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் சூடேற்றும். கசிவை அளக்காமல் சுத்தமான எரிபொருள் என்று விளம்பரம் போடாதீர்கள்.

எங்கள் பக்க மேடைப் பேச்சுகளையும் நான் கேட்டிருக்கிறேன். குழாயைத் திறந்தால் தீ வரும், பத்து வருஷத்தில் டெல்டா பாலைவனம் என்றெல்லாம் சொல்பவர்கள் உண்டு, அதைக் கேட்கும்போது எனக்கே எரிச்சல் வரும், காரணம் அதில் ஒன்று பொய்யென்று நீங்கள் நிரூபித்தால் நியாயமான பத்தும் சேர்ந்து அடிபடும். ஆனால் இந்தப் பேச்சுக்கு ஊர் ஏன் காது கொடுக்கிறது? நம்மாழ்வார் ஐயா எழுபத்தைந்து வயதில் ஊர் ஊராக இதைப் பேசிக்கொண்டே 2013 டிசம்பர் 30-ல் பட்டுக்கோட்டை பக்கம் அத்திவெட்டியில் கண்ணை மூடினார். அவர் சொன்னதை மறுக்கவாவது உங்கள் தரப்பிலிருந்து ஒருவர் வந்து தமிழில், பொதுக்கூட்டத்தில், கேள்வி கேட்க விட்டு நாலு மணி நேரம் பேசியிருக்கலாம். கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30-ல் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியபோது ஊருக்கு முதலில் வந்து சேர்ந்தது தடியடியும் கைதும். அசாமின் பாக்ஜானில் 2020 மே 27-ல் கட்டுமீறிய கிணறு ஜூன் 9-ல் தீப்பிடித்து, இரண்டு தீயணைப்பு வீரர்களைக் கொன்று, நவம்பர் நடு வரை அடங்கவில்லை. சுற்றிலும் இருந்த ஆயிரக்கணக்கான மக்கள் முகாமில் கிடந்தார்கள். அதுவும் பல வருஷம் ஓடிய சாதாரணக் கிணறுதான். சாதாரணக் கிணற்றிலேயே இப்படி என்றால், புதிதாகக் கற்றுக்கொண்டு செய்யப் போகும் வேலையில் எங்களை நம்பச் சொல்வது கொஞ்சம் அதிகம்.

ஆகவே நான் கேட்பது இது. அந்த ஒரே உரிமத்தைப் பிரியுங்கள். மொத்தக் கொள்கையையும் மாற்ற முடியாது என்றால், ஒப்பந்தத்துக்குள்ளேயாவது நிலக்கரிப் படுகை மீத்தேனுக்கும் ஷேலுக்கும் தனி அனுமதி, தனிக் கருத்துக்கேட்பு என்று வையுங்கள், ஆய்வுக் கிணறாக இருந்தாலும். ஏல அறிவிப்பு வரும் அன்றே எந்தெந்த ஊராட்சி, என்ன வகைக் கிணறு, எவ்வளவு தண்ணீர் உள்ளே, எவ்வளவு வெளியே என்று தமிழில் போடுங்கள். எங்கள் ஊரில் அட்சரேகை, தீர்க்கரேகை பார்த்து நிலம் கண்டுபிடிக்கிறவர் யாரும் இல்லை, சர்வே எண் போடுங்கள். கிணறு தோண்ட இரண்டு பருவம் முன்பிருந்தே நிலத்தடி நீரையும் நில மட்டத்தையும் அளக்கச் சொல்லுங்கள், அளப்பது தோண்டும் நிறுவனம் கூலி கொடுக்கும் ஆய்வகமாக இருக்கக் கூடாது. டெல்டாவில் ஏற்கெனவே ஓடும் பழைய கிணறுகளின் அழுத்தம், கசிவு, கைவிட்ட கிணறுகளை எப்படி அடைத்தார்கள் என்ற விவரம் எல்லாம் உங்களிடம் இருக்கிறது, வெளியிடுங்கள்.

தண்ணீர் இறைக்கும் கிணறும் பாறை உடைக்கும் கிணறும் காவிரிக் கடைமடைக்கு எந்த நிபந்தனையிலும் வேண்டாம். மேலே போட்ட கணக்கில் இரண்டு வருஷ வாயுவுக்காக எடுத்துப் பார்க்கும் சோதனை இல்லை இது. 2020 பிப்ரவரியில் தமிழகச் சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் போட்டு, புதிய எண்ணெய், எரிவாயு ஆய்வையும் ஷேலையும் மீத்தேனையும் பெயர் சொல்லித் தடுத்திருக்கிறது. அப்படி இருந்தும் அடுத்த வருஷமே புதுக்கோட்டை மாவட்டத்து வடதெரு உங்கள் ஏலத்தில் வந்தது. மாநிலச் சட்டம் தடுத்த பகுதியை ஏலத்தில் வைத்து, பிறகு முதலமைச்சர் கடிதம் எழுதி, அதற்கு நீங்கள் பரிசீலிக்கிறோம் என்று சொல்லி, இந்த வேலையெல்லாம் எதற்கு? மண்டல எல்லையை உங்கள் கணினி வரைபடத்தில் ஏற்றி, அதன்மேல் கட்டம் போட முடியாதபடி செய்ய ஒரு பொறியாளருக்கு ஒரு பிற்பகல் போதும்.

இப்படிக்கு,
பாமணியாற்றுப் பாசன விவசாயி ஒருவர்

நகல்: தமிழக அரசின் வேளாண்மைத் துறைக்கும் சுற்றுச்சூழல் துறைக்கும். உங்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. 2020 சட்டத்தில் திருச்சி, கரூர், அரியலூர் விடுபட்டன, ராமநாதபுரம் முதலிலிருந்தே இல்லை. ஷேல் மதிப்பீட்டில் பெயர் வரும் ஆண்டிமடம் அரியலூரில்தான் இருக்கிறது. பழைய திட்டங்களைச் சட்டம் தொடாது என்ற விலக்கும் அப்படியே நிற்கிறது, அந்த விலக்கின் கீழ் எத்தனை கிணறுகள், எவை எவை என்ற பட்டியல் ஊராட்சிகளிடம் இல்லை. தமிழ்நாட்டில் எங்கும் அனுமதிக்க மாட்டோம் என்று 2025 ஆகஸ்டில் அமைச்சர் அறிக்கை விட்டார், நல்லது, ஆனால் அனுமதி கொடுத்ததும் இங்கே இருக்கும் மாநில ஆணையம்தானே. அறிக்கையைச் சட்டத் திருத்தமாக அடுத்த கூட்டத்தொடரிலேயே கொண்டுவாருங்கள், கிணறுகளின் பட்டியலை அதன் இணைப்பாகப் போடுங்கள்.